துணைவினை

செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை.
கிரிம்ஸ்பி மீன் ஆலையின் கேன்டீனை
ஆங்கில வகுப்புக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள்.
மேசையை எத்தனை முறை துடைத்தாலும்
ஹாடக் வாடை நோட்டில் ஏறிவிடுகிறது.

பாடம் எடுக்கும் டெர்வ்லாவுக்கு இருபத்தாறு வயது,
சொந்த ஊர் டெரி.
எதிரே இருப்பவர்கள் எல்லோரும் அவளைவிட மூத்தவர்கள்,
பனிக்கட்டியில் பத்து மணிநேரம் கிடந்த விரல்களால்
பேனாவைப் பிடிக்கப் பார்க்கிறவர்கள்.

ஹாவ் என்றால் வைத்திருப்பது, என்கிறாள்.
கார் வைத்திருக்கிறேன்.
இருமல் வைத்திருக்கிறேன்.
அதே சொல்தான் இங்கே துணைக்கு வருகிறது,
பெரிய வினைக்கு முன்னால்
டார்ச் பிடித்துக்கொண்டு.
ஐ ஹாவ் லாஸ்ட் மை கீ.

ஹப்தோம் கை தூக்கினான்.
தொலைத்ததை எப்படி வைத்திருப்பது?
யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

டெர்வ்லா மார்க்கரை மூடினாள், திறந்தாள்.
தொலைந்தது நேற்று.
பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பது இன்று.
அந்த இன்றைத்தான் வைத்திருக்கிறாய்.
எங்கள் ஊரில், 'சாவியைத் தொலைத்ததற்குப் பின்னால் இருக்கிறேன்' என்போம்.
பரீட்சையில் எழுதித் தொலைக்காதீர்கள்.

லிதுவேனிய மொழியில் நாங்கள் எதையும் வைத்திருப்பதில்லை,
என்றாள் ரிமாண்டே, தலை நிமிராமல்.
'தொலைத்தவளாய் இருக்கிறேன்.' அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பலகையில் இரண்டே வரி.
ஹாஸ் கான்: போயிருக்கிறான். நாற்காலி காலி.
ஹாஸ் பீன்: போய்வந்திருக்கிறான்.
பெட்டி கட்டிலுக்கடியில்,
ஈரக் காலுறை ரேடியேட்டரில்.

ரிமாண்டேயின் கணவனுக்குக் கடல் காற்றாலை பழுதுபார்க்கும் வேலை.
இலையுதிர் காலம் முழுக்க அவள் வீட்டுப்பாடத்தில்
விகாண்டஸ் ஹாஸ் கான் டு எஸ்பியர்.
ஒவ்வொரு முறையும் ஒரு டிக்.
நவம்பரில் ஒருநாள் ஹாஸ் பீன் என்று எழுதினாள்.
வகுப்பே மேசையைத் தட்டியது,
லாவினியா தன் டப்பாவிலிருந்த கேக்கைப் பதினொன்றாக வெட்டினாள்.
அன்று வாசலில் ஒரு வேன் வந்து நின்று
இரண்டு முறை ஹார்ன் அடித்தது.
ரிமாண்டே பலகையில் இருந்ததைக்
கடைசி எழுத்துவரை பார்த்து எழுதிவிட்டு
மெதுவாக எழுந்தாள்.

ஜனவரி. உங்களைப் பற்றி ஐந்து வாக்கியம்.
அவளுடைய நான்காவது:
ஐ ஹாவ் பீன் மேரீட். முற்றுப்புள்ளி.

டெர்வ்லா பச்சை மையால் ஒரு கூம்பு போட்டு
மேலே எழுதினாள்: ஃபார் லெவன் இயர்ஸ்.
பாருங்கள், இந்த வால் இருந்தால்
பதினோரு வருடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.
வாலை விட்டுவிட்டால்
என்றோ கல்யாணம் ஆகியிருந்தது,
இப்போது இல்லை என்று ஆகிவிடும்.
சின்னத் தவறுதான், எல்லோரும் செய்வது.

ரிமாண்டே பச்சை எழுத்தை இரண்டு முறை படித்தாள்.
பையிலிருந்து வெள்ளை மை எடுத்து
கூம்பின் மேல் பூசினாள், வாலின் மேல் பூசினாள்,
காயும்வரை ஊதினாள்.
நோட்டைத் திரும்ப நகர்த்தி வைத்தாள்.

தெரிந்துதான் எழுதினேன். டிக் போடுங்கள்.

இரண்டு மேசை தள்ளி லாவினியா
ஸின்ஸுக்கு ஸ்பெல்லிங் கேட்டுக்கொண்டிருந்தாள்.
டெர்வ்லாவின் காது சிவந்துவிட்டது.
போட்ட டிக் கோடு தாண்டிச் சாய்ந்தது.

ஐந்தாவது வாக்கியம்:
ஐ ஹாவ் ஃபவுண்ட் ரூம்.
ஓர் 'எ' குறைகிறது. எப்போதும் குறைவதுதான்,
அவள் மொழியில் அப்படி ஒரு சொல்லே கிடையாது.
பச்சைப் பேனா அந்த இடைவெளிக்கு மேலே
வந்து நின்றது.
'எ' போட்டால் அறை,
வாடகைக்கு, குளியலறை பொது.
போடாவிட்டால் இடம்.
இடம் கிடைத்திருக்கிறது.

பேனாவை மூடிவிட்டாள்.

மணி எட்டு.
இரவு ஷிஃப்ட்காரர்கள் உள்ளே வந்து
அவர்கள் எழுவதற்கு முன்பே
மேசையைத் துடைக்க ஆரம்பித்திருந்தார்கள்.