முப்பது வரை

டோங்காட்டில் எங்கள் கரும்புக்குள் காட்டுப்பன்றி.
கொழுந்தன் கிரிபன் ஏலத்தில் எடுத்து வந்தான்
ஒரு தகரப்பெட்டித் தோட்டா.
மூடியில் அம்புக்குறி, 1943.

முத்திரை உடையவில்லை என்றான்.
உடையவில்லைதான். எந்தக் கூரைத்தகரத்தின் அடியில் வெந்ததோ
இத்தனை கோடையும்?

சமையல் மேசையில் கொட்டினோம், பழைய செய்தித்தாள் விரித்து.
பச்சை பூத்தவற்றை ஒதுக்கினேன்.
பூக்காதவற்றிலும் கழுத்தோரம் மயிரிழை விரிசல்,
கண்ணாடி போட்டால்தான் தெரிகிறது.
ஒன்றைப் பிடுங்கித் திறந்தால்
உள்ளே மருந்து, சேமியாக் கட்டு மாதிரி,
கேட்டதற்குப் பதில் சொல்லாமல்.

"பித்தளை மின்னுதே, அண்ணி."
மின்னுவது பித்தளை. வெடிப்பது அது இல்லையே.

ஒன்றே ஒன்று, என்றான்.
மண்மேட்டைப் பார்த்து, சாக்குமூட்டை மேல் துப்பாக்கி.

க்ளிக்.

திறக்கப் போன கையைப் பிடித்தேன்.
குழல் அசையக்கூடாது. எண்ணு.
எண்பது வருஷம் சும்மா கிடந்ததற்கு
முப்பது நொடி கொடுத்தால் என்ன?

ஒன்பதில் கரும்புக்குள் சோகை முறியும் சத்தம்.
பன்றி. சாவகாசமாக மென்றது.
பதினேழில் கிரிபன் சிரித்துவிட்டான்.

நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.