பதினெட்டு

எழுபத்து மூன்று கிராம் அடிப்பிக் அமிலம்,
நாற்பத்தைந்து பியூட்டேன்டையோல்.
தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தி
மூச்சையும் பிடித்துக்கொண்டு நிறுத்தேன்.
ஒரு பக்கம் ஒரு சிட்டிகை கூடினாலும்
பிடிக்க எதிர்க்கை இல்லாமல்
சங்கிலி பாதியில் நின்றுவிடும்.
காலை ஏழரை. தேர்ஸ்டன் வீதியில்
பாடசாலை வான்கள் ஒன்றின் முதுகை ஒன்று
முட்டிக்கொண்டு நின்றன.

இரண்டு மூலக்கூறுகள் கைகோர்க்கும் ஒவ்வொரு முறையும்
ஒரு துளி நீர், துளிகூட இல்லை,
ஒரே ஒரு நீர், வெளியேறும்.
கொதிக்கும் சைலீன் அதைத் தோளில் சுமந்து ஏறி
ஒடுக்கியில் குளிர்ந்து
பக்கக் குழாயின் அடியில் இறக்கிவிட்டுத் திரும்பும்.
எனக்கு வேலை அந்தக் குழாயைப் பார்ப்பது.
நாலு மில்லிலீற்றர். ஒன்பது. பதின்மூன்று.

பின்னேரம் கலக்கியின் மோட்டார் முனகியது.
குழம்பு தடித்துவிட்டது.
புது மோட்டார் கேட்டு எழுதிய கடிதம்
எந்த மேசையில் கிடக்கிறதென்று
சந்திரரத்னவுக்கும் தெரியாது.
"கொஞ்சம் சைலீன் ஊத்துங்க மிஸ், பாவம் அது."
ஊற்றினேன்.
கொஞ்சமல்ல.

பதினேழு. பதினேழரை.
பதினொரு மணிக்குப் பதினெட்டாம் கோட்டுக்கு
மயிரிழை கீழே நின்றது.
கணக்கின்படி மொத்தமே பதினெட்டுத்தான்.
நூறு கைகளில் தொண்ணூற்றொன்பது கோர்த்தாலும்
சராசரிச் சங்கிலிக்கு நூறே கண்ணி.
மிச்ச ஒரு கைக்காகத்தான் இந்த இராவெல்லாம்.

மறுநாள் சங்கிலிகளின் முனைகளைத் தேடிக்
காரம் சொட்டினேன்.
மூன்றாம் சொட்டிலேயே இளஞ்சிவப்பு.
முனைகள் இவ்வளவு குறைவா?
அப்படியென்றால் சங்கிலி மகா நீளம்!
பிசுக்குமானியில் விட்டேன்.
ஞாயிறு விடியலில் காலி வீதியில் பறக்கும்
நூறாம் இலக்க பஸ்போல
எங்கும் நிற்காமல் இறங்கிப் போனது.
நீளம் என்றது ஒரு சாட்சி.
குட்டை என்றது மற்றது.
இரண்டும் பொய் சொல்லப் பழகாதவை.

வெள்ளவத்தையில் மிஸிஸ் காசிச்செட்டி
ஒரு படிவத்தோடு வாசலில் நின்றார்.
வாடகைக்கு இருப்போர் விபரம், பொலிஸுக்கு, மறுபடியும்.
நிரந்தர முகவரி.
எங்கிருந்து வந்தது. எப்போது வந்தது.
எப்போது போவது.
அந்த அறையில் எனக்குப் பதினோராவது வருடம்.
மூன்று பெட்டிகளை நிரப்பிவிட்டுப்
பேனை எழுதவில்லை என்றேன்.
கடலோர ரயில் யன்னலை உலுக்கிவிட்டுப் போனது.

வியாழக்கிழமை நரஹேன்பிட்டியிலிருந்து
இன்ஷிரா திணிவு நிறமாலையை அனுப்பினாள்.
இருநூறு இருநூறாய் ஏறிப்போகும் சிகரங்கள்.
ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம்
பதினெட்டுத் தள்ளி
அதைவிட உயரமாய் இன்னொன்று.
கீழே எழுதியிருந்தாள்: இது என்ன, உன்ர பேயா?

பதினெட்டு.
குழாயில் கண் எரியப் பார்த்திருந்த அதே நீர்.
தன்னிடமிருந்த கடைசி நீரையும் கொடுத்துவிட்டுத்
தலையால் தன் வாலையே பற்றிக்கொண்ட சங்கிலிகள்.
நான் அள்ளி ஊற்றிய சைலீனில்
அயலவர் தூரமாகிப் போக
நீட்டிய கைக்கு முதலில் அகப்பட்டது
தன்னுடைய மறு கை.
வளையத்துக்கு ஏது முனை, காரம் எண்ணுவதற்கு?
சுருண்டு கிடப்பதால் நுண்குழாயிலும்
உரசாமல் நழுவுகிறது.

"அப்ப பழுதாப் போச்சா மிஸ்?"
சந்திரரத்ன குடுவையை வெளிச்சத்தில் பிடித்துச் சுழற்றினார்.
இல்லை, தலைப்பை மாற்றவேண்டும் என்றேன்.
அவர் யோசித்தார்.
"மோட்டார்க் கடிதத்தைத் திருப்பி எடுப்பமா?"
சிரித்தேன். பிறகு உண்மையாகவே யோசித்தேன்.

"கடைசிப் பெட்டி வெறுமையாக் கிடக்கே, பிள்ளை"
என்று படிவத்தை விளக்கடியில் பிடிக்கிறார்
மிஸிஸ் காசிச்செட்டி.
கிடக்கட்டும் அன்ரி.
காலையில் திரும்பவும் நிறுக்கவேண்டும்,
எழுபத்து மூன்று, நாற்பத்தைந்து.
சைலீனை இந்தமுறை
முதலிலேயே தாராளமாக.