ஒரே நீளம்

வைக்கோலை சூப்பர் மார்க்கெட்டில்தான் வாங்கினேன்.
காகித உறை, மேலே ஒரு சிவப்பு நாடா,
எண்பது சென்ட்.
குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு
நகக் கத்தரியால்
ஒவ்வொரு துரும்பாக நறுக்கினேன்.
உள்ளங்கைதான் அளவுகோல்:
நடுவிரல் நுனி முதல் மணிக்கட்டு வரை.
சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டிருந்தேன்.
கத்தரிக்கு அப்படியென்ன பெரிய சத்தம்.

மேசையில் பரப்பி
இஸ்திரி போட்ட வெள்ளை விரிப்பை மேலே இழுத்தபோது
அங்கங்கே மேடு தட்டியது,
போர்வைக்குள் யாரோ மெலிந்தவர்
படுத்திருப்பதுபோல்.
தட்டிச் சமன் செய்தேன்.

இன்றிரவு லித்துவேனியா முழுக்க
இதே மேசைதான், கூடக்குறைய.
பன்னிரண்டு பதார்த்தங்கள் வேண்டும்.
எனக்குப் பத்துதான் தேறியது.
ரொட்டியைப் பதினொன்று என்றேன்.
உப்பைப் பன்னிரண்டு என்றாள் உக்னே.
ஏழு வயதுக்கு நல்ல கணக்கு.
இறைச்சி கிடையாது, மாட்டுப்பால் கிடையாது.
ஹெர்ரிங் மீன், காளான் போட்ட பீட்ரூட் சூப்,
கசகசாப் பாலில் மிதக்கும்
சுண்டுவிரல் நுனியளவு பிஸ்கட்டுகள்.

முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே உட்காரலாம்.
மூன்று நாளாய் எங்கள் ஊருக்கு வானமே இல்லை.
ஐந்தாம் மாடி ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றவள்
வெந்நீர் ஆலையின் புகைபோக்கி உச்சியில்
எரியும் சிவப்பு விளக்கைக் காட்டினாள்:
"அதுவும் உயரத்துலதானே இருக்கு?"
எய்மந்தாஸ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு
எழுந்து வந்தான்.
கழுத்துப் பட்டி அவனுக்கு இப்போது
இரண்டு விரல் பெரிது.

நாலாவது தட்டு காலி.
பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி.
மார்ச்சில் போன அவன் அண்ணன் வைதோதாஸுக்கு.
அதே மருத்துவமனை, அதே மூன்றாம் தளம்,
அதே இடது பக்கத்து வலி.

கோயிலிலிருந்து வந்த மெல்லிய அப்பத்தை
ஒருவருக்கொருவர் நீட்டிப் பிட்டுக்கொண்டோம்.
அவன் என்னுடையதில் நகக்கண்ணளவு எடுத்தான்.
வரும் ஆண்டு நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும்.
சொன்னோம்.
இருபத்தேழாம் தேதி காலை ஒன்பதரைக்கு
டாக்டர் அழைப்பார். அதைச் சொல்லவில்லை.

பிறகு துரும்பு எடுக்கும் நேரம்.
விரிப்புக்கு அடியில் பார்க்காமல் கைவிட்டு
ஒன்றை உருவ வேண்டும்.
நீளமாய் வந்தால் நீளமான ஆயுள்.
உக்னே எடுத்தாள். நான் எடுத்தேன்.
அவன் அவசரப்படாமல்
ஏதோ சில்லறை தேடுபவன்போல் துழாவி எடுத்தான்.
மூன்றும் பக்கத்தில் பக்கத்தில்,
தீக்குச்சிகள்போல்.

"இதுல யார் ஜெயிச்சது? ஏமாத்து!"
"கடை வைக்கோல்," என்றேன், "மெஷின் வெட்டுது."
அவள் விடவில்லை. மறுபடி கையை நுழைத்து,
"இது பெரியப்பாவுக்கு" என்று
காலித் தட்டில் ஒன்றை வைத்தாள்.

அதுவும் அதே நீளம்.

அதை நான் யோசித்திருக்கவில்லை.
சுவரோர ஹீட்டரில்
தண்ணீர் ஏறி இறங்கும் ஓசை கேட்டது.
எய்மந்தாஸ் என் கையை எடுத்து மல்லாத்தினான்.
தன் துரும்பை அதில் கிடத்தினான்.
நுனி நடுவிரல் நுனியில்.
அடி மணிக்கட்டில்.
"நல்ல மெஷின்" என்றான்.
சூப்பை இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னான்.

நள்ளிரவில் மிருகங்கள் பேசுமாம்.
ஒட்டுக்கேட்டால் ஆகாதாம்.
பூனையைத் தன் அறைக்குள் பூட்டிக்கொள்ள
உக்னே கெஞ்சினாள்,
கெஞ்சிக்கொண்டே தூங்கிப்போனாள்.
மேசையைத் துடைக்கவில்லை. இறந்தவர்கள் வந்து
சாப்பிட்டுப் போகும் இரவு இது.

இரண்டு மணிக்கு விழித்தபோது
படுக்கையில் பாதி குளிர்ந்திருந்தது.
சமையலறை இருட்டில் அவன்
கசகசாப் பால் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு
கரண்டியால் வழித்து வழித்து.
"வைதோதாஸ் எதையும் மிச்சம் வைக்கமாட்டான்," என்றான்.
"தெரியுமில்ல, காலையில கிண்ணம் காலியா இருக்கணும்."
இன்னொரு கரண்டியைத் தள்ளினான்.
ஊறிப்போய் இனிப்பாக இருந்தன.

நாலாவது நாற்காலியில் பூனை.
அவனைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.
ஒன்றும் சொல்லவில்லை.