நிலைவால்வு

வெள்ளிக்கிழமை, ரூவி.
எங்கள் மறைக்கல்விக்கு முக்கால் மணி நேரம்.
அதற்குள் எட்டாம் கட்டளையை முடித்தாக வேண்டும்,
பத்தரைக்கு மலையாளப் பாடகர் குழு
கீபோர்டைத் தூக்கிக்கொண்டு கதவில் நிற்கும்.
சுவருக்கு அந்தப் பக்கம் கொங்கணியில் ஜெபமாலை.
ஏசிக்கு மட்டும் மொழி கிடையாது,
அதனால் அதுதான் அதிகம் பேசுகிறது.

மூன்றாம் வரிசையில் மெல்பாவின் நாற்காலி காலி.

போன வாரம் இரண்டாம் வாசகம் அவள்தான்.
பள்ளியில் இந்தியும் பிரெஞ்சும்;
தமிழ் அவளுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்.
நிலைவாழ்வு என்கிற இடத்தில் நாக்கு மடியவில்லை.
நிலைவால்வு என்றாள்.
நானும் இருந்தேன் முன்வரிசையில்,
உதட்டைக் கடித்துக்கொண்டு.

யாரோ படம் பிடித்திருக்கிறார்கள்.
வாய் திறந்து, கண் பாதி மூடி.
தலையை மட்டும் வெட்டியெடுத்து
கழுத்துக்குக் கீழே ஒரு சிவப்பு வால்வுச் சக்கரம்.
ஸ்டிக்கர்.
குட் மார்னிங்குக்கு மெல்பா.
ஹோம்வொர்க் முடியவில்லையா, மெல்பா.
இந்தியா தோற்றால் அதற்கும் மெல்பா.
புதன்கிழமைக்குள் பெயரே போய்விட்டது அவளுக்கு.
செய்த பையன்கள் எவனுக்கும் ழ வராது,
பழம் கேட்டால் பலம் தருகிறவர்கள்.

"யார் ஆரம்பித்தது?" என்றேன்.
பொய்ச்சாட்சி கோர்ட்டில் மட்டும் சொல்வதல்ல,
அனுப்புகிற ஒவ்வொரு விரலும்
சாட்சிக்கூண்டில் ஏறுகிறது என்றேன்.
முந்தின இரவு தயாரித்த வாக்கியம்.
நன்றாக வந்தது. எனக்கே பிடித்தது.

ரெனிஷ் கையைத் தூக்கவில்லை. போனைத் தூக்கினான்.
"டீச்சர், உங்க சிரிப்பும் இதுல இருக்கு."

செவ்வாய் இரவு பதினொன்று நாற்பது.
லேபில் நைட் டியூட்டி,
யார் யாருடைய ரத்தமோ இயந்திரத்தில் சுழன்றுகொண்டிருக்க
ஆசிரியைகள் குழுவில் நான் போட்ட மஞ்சள் முகம்,
கண்ணீர் வரச் சிரிப்பது.
ஒன்றல்ல, மூன்று.
எந்த ஆசிரியையின் பிள்ளையோ
அதையும் படம் பிடித்துக் கீழே எழுதியிருந்தது:
டீச்சரே சிரிச்சாச்சு.

புத்தகத்தை மூடினேன்,
மூட வேண்டியது அதுதானா என்று தெரியாமல்.

பாவசங்கீர்த்தன வரிசையில்
எனக்கு முன்னால் ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ்,
பின்னால், என்னைப் பார்க்காமல், ரெனிஷ்.
மார்பில் தட்டிக்கொள்ளக் கையை மடக்கினேன்.
கட்டைவிரல் மற்ற விரல்களுக்குள்
நழுவி ஒளிந்துகொள்வதை
இத்தனை வருடத்தில் அன்றுதான் கவனித்தேன்.
ஃபாதர் கேட்டது ஒன்றே ஒன்று:
"என்கிட்ட சொல்லிட்டீங்க. அவகிட்ட?"

வாடி கபீரில் லிஃப்ட் ஓடவில்லை. நாலாவது மாடி.
கதவைத் திறந்தவர் அவள் அப்பா, கஸ்பார்.
ஷட்டவுன் வேலை, வெள்ளியிலும் ஷிஃப்ட்,
நீலச் சீருடையில் காய்ந்த கிரீஸ்.
மினா அல் ஃபஹல் ஆலையில்
பத்தொன்பது வருடமாக வால்வு ஃபிட்டர்.
நான் வாய் திறப்பதற்குள் போனை நீட்டினார்.
"பாத்தீங்களா டீச்சர்?
பாப்பாவையும் நம்ம வேலையையும் சேத்து
யாரோ புள்ளைங்க படம் போட்டிருக்கு.
சைட்டுல எல்லாருக்கும் காட்டிட்டேன்.
ஃபோர்மேன்கூட சூப்பர்னான்."
அவருடைய புரொஃபைல் படத்தில்
வாய் திறந்தபடி மெல்பா.

உள்ளறைக் கதவோரம் அவள் நின்றிருந்தாள்.
தலையை அசைத்தாள், மிகச் சிறிதாக,
வேண்டாம் என்று.

சமையலறையில், குரலைத் தாழ்த்தி,
கொண்டுவந்த மன்னிப்பைக் கேட்டேன்.
"சரி டீச்சர்" என்றாள், டீ வடிகட்டிக்கொண்டே.
கொஞ்சம் சிந்தியது, துடைத்தாள்.
"அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க.
அவர் சந்தோஷமா இருக்கார்."

எட்டாம் கட்டளை எனக்கு ஞாபகம் இருந்தது.
சொல்லவில்லை.

இறங்கும்போது, விளக்கு எரியாத இரண்டாம் மாடியில்,
அந்த வார்த்தையை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
நிலைவாழ்வு.
சரியாகத்தான் வருகிறது எனக்கு.