பதினேழாம் பெட்டி

முதலில் பழத்தோடு லோரி.
பிறகு பழம் இறக்கிய லோரி.
பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கக்
கம்ப்யூட்டர் இருக்கிறது.
கம்ப்யூட்டர் கழிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க
நான் இருக்கிறேன்,
பதினோரு வருடமாய்,
சுங்கை சுமுன் ஆலையில்,
கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்.

டிரைவர்களுக்கு நான் திம்பாங் அக்கா.
பிறப்புப் பத்திரத்துப் பெயரைச்
சம்பளச் சீட்டு மட்டும்
மாதம் ஒருமுறை நினைவூட்டும்,
அதிலும் ஓர் எழுத்துப் பிழை.

வெள்ளைத் தாள் ஆலைக்கு, மஞ்சள் தோட்டத்துக்கு,
ரோஸ் டிரைவருக்கு.
மதியம் ஆலை வாடை
சோற்று டப்பாவுக்குள்ளும் வந்து உட்காரும்.

ஷா ஆலத்திலிருந்து தங்கை பூர்ணிமா
குரல்செய்தி அனுப்புகிறாள்:
விட்டுத் தொலைக்கா, மனசுக்குப் பிடிச்சதைச் செய்.
மனசுக்குப் பிடித்தது ஆந்தை.
வீட்டுக் கடனுக்கு மாதம் அறுநூற்று நாற்பது வெள்ளியை
எந்த ஆந்தையும் கட்டாது.

எலி பிடிக்கவென்று நிர்வாகம்
செம்பனை வரிசைகளுக்கு நடுவே
கம்பங்களில் மரப்பெட்டி ஏற்றியது.
கூகைகள் வந்தன.
அதன்பின் யாரும் எண்ணவில்லை.
எண்ணாமல் விட்ட ஒன்று இந்த ஊரில் இருப்பது
பொறுக்காமல்தான் போனேன்
என்று நினைத்திருந்தேன்.
அப்படியில்லை.
முதல் நாள் ஒன்று
பெட்டி வாசலில் நின்று,
நறுக்கிய ஆப்பிள் போன்ற முகத்தை
ஒருபக்கமாய்ச் சாய்த்து
என்னைப் பார்த்தது.
வெகு நேரம் பார்த்தது.

இப்போது சனிக்கிழமை ஆறே முக்காலுக்கு
மோட்டாரில் கிளம்பிவிடுகிறேன்.
குலை வெட்டும் நீளக் கம்பில்
அரிவாளைக் கழற்றிவிட்டு
மகளின் பவுடர் டப்பாக் கண்ணாடியைக் கட்டிப்
பெட்டிக்குள் நீட்டுவேன்.
பாழாய்ப்போன எடைச்சீட்டுகளின் முதுகில் எழுதுவேன்:
முட்டை ஐந்து. குஞ்சு நான்கு. மழை.

லயத்து முனையில் நாகேஸ்வரி
வாசல் விளக்கைப் போட்டபடி கேட்பாள்,
"சாக்குருவிக்குக் கணக்கப்பிள்ளையா ஆயிட்டியா?"
ஆமாம் என்பேன்.
மேற்கொண்டு என்ன கேட்பதென்று அவளுக்குத் தெரியாது.
வீட்டுக்காரர் சிரித்துவிட்டுச் சோறாக்கி வைப்பார்.
குழம்பில் உப்பு இருக்காது.

பதினேழாம் பெட்டியில் குஞ்சுகள்
படிக்கட்டு மாதிரி.
மூத்தது சேவல் குஞ்சளவு,
கடைசி, ஒரு பிடி தேங்காய் நார்.
எலி குறைந்தால்
பெரியவை சின்னதைத் தின்றுவிடும்.
படித்திருக்கிறேன்.
படித்தபின்னும்
பொறி வைத்து எலி பிடித்துக் கொண்டுபோய்ப் போடலாமா
என்று இரண்டு இரவு விழித்துக் கிடந்தேன்.
இதைச் சுகார்டியிடம் சொல்லியிருக்கக் கூடாது.
ஆலை பழுதாகி வரிசை நின்றுபோன ஒருநாள்
வாய் தவறிவிட்டது.

போன சனி
கண்ணாடியில் மூன்று முகம்.
கம்பைத் திருப்பி
மூலை மூலையாய்ப் பார்த்தேன்.
மூன்று.
சீட்டில் எழுதினேன். எழுத்து கோணிப்போனது.
கொசுக்கடி என்று வைத்துக்கொள்வோம்.

திங்கள். ஏழு இருபது.
வாயிலுக்கு வெளியே பதினான்கு லோரி.
சுகார்டி மேடையில் ஏறுகிறான்.
எஞ்சினை அணைக்கவும் என்று
சுவரில் மூன்று மொழியில் இருக்கிறது.
எட்டு வருடத்தில் ஒருநாளும் அவன் அணைத்ததில்லை.
எண் ஆடும், நான் கத்துவேன்,
அவன் ரேடியோவைக் கூட்டுவான்.

இன்று தலையை வெளியே நீட்டி
"அந்த நாலாவது, அக்கா?" என்றான்.

இல்லையென்று தலையசைத்தேன்.

பின்னால் ஹார்ன்.
இன்னொரு ஹார்ன்.
அவன் சாவியைத் திருப்பி
எஞ்சினை அணைத்தான்.
ரேடியோவும் சேர்ந்து நின்றது.
வெளிப்பலகையில் சிவப்பு எண்
இரண்டு முறை அசைந்து
இருபத்து மூவாயிரத்து நானூற்று அறுபதில்
நிலைத்தது.

இருவரும் அதையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.