மூன்றாம் நபர் இழப்பு

பல்லடத்துக்குத் தெற்கே ஒரு கோழிக் கொட்டகைக்குள்
மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணினேன்.
முந்நூற்றுப் பதினேழு.
ஒன்றின்மேலும் கீறலில்லை.
கூரைக்கு மேலே ஏதோ இரைந்ததும்
அத்தனையும் ஒரே மூலைக்கு ஓடி
ஒன்றன்மேல் ஒன்றேறி
அடியில் கிடந்தவை மூச்சுமுட்டிப் போயின.

"பெரும்பிராந்துன்னு நெனச்சிருக்குமுங்க" என்றாள் பழனாத்தாள்.
"முப்பத்தெட்டு நாள் கோழி.
நாளான்னிக்கு கம்பெனி லாரி வந்திருக்கும்."

பதினோரு வருடமாக வாகன இழப்பு மதிப்பிடுகிறேன்.
நசுங்கிய பானட், மைல்கல்லில் சாய்ந்த டேங்கர்,
ஆட்டுக்கு ஒதுங்கி வாய்க்காலில் இறங்கிய மணமகன் கார்.
படிவத்தில் ஒரு கட்டம்: மோதிய பொருள்.
என்ன எழுத?
நிழல் என்றா,
சத்தம் என்றா?

வண்டி தெய்வசிகாமணியுடையது.
திருப்பூரில் மூன்று பனியன் யூனிட்.
ரெண்டு சீட்டு, எட்டு விசிறி,
ஒரு சார்ஜுக்கு இருபத்திரண்டு நிமிடம்.
தென்னந்தோப்பு நடுவே ஒரு சிமெண்டுத் திட்டில்
தார்ப்பாய் போர்த்தி, பம்புசெட்டுக்குப் பக்கத்தில் நின்றது.
"அவிநாசி ரோட்ல பாதி ஆயுசு போச்சுங்க.
ஹாரன் அடிச்சே கட்ட வெரல் தேஞ்சு போச்சு."
நியாயம்தான். நானும் அங்கேதான் தேய்கிறேன்.

ஆனாலும் பேனாவும் கையுமாய்க் கேட்டேன்,
பழக்கதோஷம்.
வீட்டு மொட்டைமாடியில் ஏற முடியாதா?
எதிரே செல்போன் டவர்.
அதனால் வீட்டிலிருந்து தோட்டத்துக்குக் காரில் அரை மணி.
தோட்டத்திலிருந்து கோயமுத்தூருக்கு நேரே போக வழியில்லை,
நடுவில் சூலூர், அது விமானப்படையின் வானம்.
சுற்றிக்கொண்டு போய் நீலாம்பூரில்
சினேகிதர் மில்லின் பஞ்சு கிடங்கு முற்றத்தில் இறங்கி,
அங்கிருந்து வாடகைக் கார்.
எந்த ரோட்டில்?
"அவிநாசி ரோடுதானுங்க" என்று அவரே சொல்லி,
அவரே சிரித்தார்.

ஆனியிலிருந்து ஆவணி வரை அதுவும் இல்லை.
பாலக்காட்டுக் கணவாயில் ஒடுங்கி நுழையும் காற்று
இங்கே வந்துதான் கைகாலை நீட்டும்.
காற்றாலைக்காரர்களுக்கு அறுவடை.
இவர் வண்டியோ 'காற்று அதிகம்' என்று
திரையில் ஒரு சிவப்பு எழுத்தைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.
மழை ஓய்ந்தால் மயில்.
வேலிக்கு இந்தப்பக்கமிருந்து அந்தப்பக்கம்
இண்டிகேட்டர் போடாமல் எழும்பும்.
அப்புறம் மின்கம்பிகள்,
வடக்கே ஒன்று, தெற்கே மூன்று.

என் ஸ்கூட்டி நடுவழியில் நின்றால்
ஓரங்கட்டி, சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக்கொடுத்து
மெக்கானிக்குக்கு போன் போடுவேன்.
வானத்துக்கு ஓரமில்லை.
இதைச் சொன்னேன்.
"பாராசூட் இருக்குதுங்க" என்றார்.
அது யார் தலைமேல் இறங்குமென்று கேட்கவில்லை,
அந்தக் கட்டமும் படிவத்தில் இல்லை.

ஒருவர் ஒருமுறை பறந்ததற்கு முந்நூற்றுப் பதினேழு.
காலை ஒன்பது மணிக்கு ஊரே பறந்தால்?
ஓரத்தில் கணக்குப் போடத் தொடங்கி
பாதியில் அடித்துவிட்டேன்.

புறப்படும்போது தெய்வசிகாமணி தணிந்த குரலில் சொன்னார்:
"நேரம் ஒண்ணும் மிச்சமாகலீங்க. நெசம்.
ஆனா அன்னிக்கு பிஏபி வாய்க்கால்ல தண்ணி உட்டிருந்தாங்க.
மேலருந்து பாத்தா
அது போற தடம் பூராவும் ஒரே பார்வைல...
எங்கப்பாரும் அவங்க பங்காளியும்
எட்டு வருசம் கேசு நடத்துன மடை
ஒரு நூல் கனம்கூட இல்லீங்க."
அதற்குமேல் அவர் பேசவில்லை.
தார்ப்பாயின் முனையை இழுத்துக் கட்டினார்.

நூல் பொதி ஏற்றிய லாரிக்குப் பின்னால்
முக்கால் மணி ஊர்ந்து வந்துகொண்டிருந்தபோது போன்.
பழனாத்தாள்.
"பொதைக்கறக்கு ஜேசிபி வந்துதுங்க.
அந்தக் கூலியும் சேத்தி எழுதீருங்க."
எழுதுகிறேன் என்றேன்.
வைக்காமல் சித்தநேரம் இருந்தாள்.
பின்னால் விசிறியும், மிஞ்சிய கோழிகளும் கேட்டன.

"ஏனுங்,
அதுல எத்தன கிலோ வரைக்கும் ஏறலாமுங்?"