பெருவிரல்

வாசலில் ஒரு பெட்டி. பெருவிரலை அழுத்தினால்
பச்சை விளக்கு, ஒரு சின்னக் கூவல்.
எட்டு நிமிடம் பிந்தினால் கால்மணி நேரம் அம்பேல்.
ஒஹாயோ மாநிலம் என்னிடம் கேட்பது
ஆயிரத்து ஐந்நூறு மணி.
அழகைப் பற்றி இதுவரை
ஒன்றும் கேட்கவில்லை.

பனி வழித்த ஆக்ரன் தெருவில் ஏழரைப் பேருந்து.
என் மடியில் ஒரு தலை.
பெயர் ஜெனீவா. கழுத்தோடு சரி; அதற்குக் கீழே
மேசையில் பொருத்த ஒரு துளை.
எதிர் இருக்கைச் சிறுவன் தன் அம்மாவைச் சுரண்டுகிறான்,
ஜெனீவா அவனை இமைக்காமல் பார்க்கிறாள்.
நான்கு முறை சாயம், இரண்டு முறை சுருள்மருந்து,
இடது காதோரம் என் அவசரத்தால் ஒரு சொட்டை.
என்னைப் பற்றி அவள் யாரிடமும்
வாய் திறந்ததில்லை.

முதல் மாதங்களில் கத்தரியே கிடையாது.
கிருமிகள். மண்டையோட்டின் எட்டு எலும்புகள்.
நீலத் திரவத்தில் சீப்பு பத்து நிமிடம்,
ஒன்பது என்றால் அது அழுக்குச் சீப்பு.
பயிற்றுநர் கிறிஸ்டலுக்கு வயது இருபத்தொன்பது.
எனக்கு நாற்பத்து நான்கு.
"அம்மா" என்று கூப்பிட வந்து
பாதியில் நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

வியாழக்கிழமை வெளியாட்கள் வருவார்கள்.
ஆறு டாலர். மாணவர் கை என்று தெரிந்தே
தலையைக் கொடுக்கிறேன் என ஒரு தாளில் கையெழுத்து.
இன்று என் தாளில்: காரெட் போல்மன்.

அந்தப் பெயருக்குக் கீழே ஆறு வருடம்
தொலைபேசியில் காப்பீடு விற்றேன்.
கழிப்பறைக்கு எழுந்தால் திரையில்
சிவப்பாய் ஓடும் நொடிகளைப் பார்த்திருந்தவன்.
நாற்காலியைக் காலி செய்யச் சொன்ன கடிதத்தில்
என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
அவனுக்கு என்னைத் தெரியவில்லை.
தெரிய நியாயமும் இல்லை; நான் ஓர் எண்,
முந்நூற்றுப் பதினேழு.

சாய்கிறான். பீங்கான் பள்ளத்தில் பின்கழுத்து.
தொண்டை முழுக்க என் முன்னே,
குரல்வளை ஏறி இறங்குகிறது.
இடக்கைப் பக்கம் வெந்நீர்க் குமிழ்.
ஒரு சுற்று போதும்.

கை தன் பாட்டுக்கு
மணிக்கட்டின் உட்புறத்தை நீருக்கு நீட்டிவிட்டது.
நாற்பதாவது மணியில் பழகியது.
இதமாகத்தான் இருந்தது. என்ன செய்ய.

நுரைக்குள் விரல்கள் நடக்கின்றன.
உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால்
முடியே இல்லாத ஓர் இடம்,
வழவழவென்று, குழந்தையின் முழங்கால் மாதிரி.
நோய்க்குப் பெயர் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை;
பார்த்ததைச் சொல்லலாம், மருத்துவரிடம் போகச் சொல்லலாம்.
சொன்னேன்.
"எவ்வளவு நேரமாக" என்றான். பிறகு
"எவ்வளவு நாளாக" என்று திருத்திக்கொண்டான்.
எவ்வளவு பெரிது என்று கேட்டபோது
மேலங்கிப் பையில் கிடந்த கால் டாலரை
அவன் உள்ளங்கையில் வைத்தேன்.
போர்வைக்கு அடியில் அதை மூடிக்கொண்டான்.

மேல்முடியை ஒரு விரற்கடை கூடுதலாக விட்டு
அந்தப் பக்கம் விழும்படி வெட்டினேன்.
முப்பது நிமிட வேலைக்கு ஐம்பது ஆயிற்று.
கிறிஸ்டல் வந்து குனிந்து கோணம் பார்த்தாள்,
காதருகே இரண்டே இரண்டு முடியை நறுக்கினாள்,
போய்விட்டாள்.
கண்ணாடியில் அவன் தன்னைப் பார்க்காமல்
என் சட்டையில் குத்திய பெயரையே பார்த்தான்.
ஏதோ நினைவுக்கு வரப் பார்த்தது.
வரவில்லை.

ஆறு டாலரை முன்னறையில் கட்டினான்.
கால் டாலரை என் மேசையில் வைத்துப் போனான்.
என்னுடையதைத் திருப்பித் தந்தானா,
அன்பளிப்பா என்று
ஷவோண்டாவும் நானும் மதியம் முழுக்க வாதாடினோம்.

ஐந்து மணி. மறுபடி அந்தப் பெட்டி.
நாளெல்லாம் தண்ணீரில் ஊறிய விரல்
திராட்சை வற்றலாய்ச் சுருங்கியிருக்கிறது.
சிவப்பு.
துடைத்து வைத்தால், அப்போதும் சிவப்பு.
பின்னால் வரிசை முனகுகிறது. பேருந்துக்கு நான்கு நிமிடம்.
ஜெனீவாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு
விரலை வாயருகே வைத்து ஊதுகிறேன்,
ரேகை திரும்பி வரட்டும் என்று.